ஒளியைக் காணச் சென்றவர்கள்

சுவரில் உள்ள பொத்தானை அழுத்துகிறோம். அறை ஒளி பெறுகிறது. இச்செயலை நாள்தோறும் பலமுறை செய்யும் நாம், அதைப் பற்றி நின்று எண்ணுவதே இல்லை. மின்தடை ஏற்படும் வேளையில்தான் மின்விளக்கின் அருமை நினைவுக்கு வருகிறது. ஆனால் ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்னர், விளக்கு எரிவதைக் காண்பதற்கென்றே மக்கள் தொடர்வண்டியிலும் கப்பலிலும் பயணம் செய்தனர். நுழைவுச்சீட்டு வாங்கினர். பொழுது சாயும்வரை காத்திருந்தனர். ஒளி பரவிய அந்த நொடியில் சிலர் ஆரவாரித்தனர்; சிலர் பேச்சற்று நின்றனர்; சிலர் அஞ்சவும் செய்தனர்.

அவர்கள் கூடிய இடங்கள், உலகக் கண்காட்சிகள். அங்கே அவர்கள் கண்டது என்ன? கண்ட ஒளி அவர்தம் வீட்டை அடைய ஏன் அத்தனை காலம் பிடித்தது? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் சற்றே ஆராய்வோம். முதல் வினா வரலாற்றைச் சார்ந்தது. இரண்டாவது வினாவோ, வங்கிப் பணியில் இருக்கும் எங்களுக்கு மிகவும் நெருக்கமானது.

பொழுது சாய்ந்தால் கதவடைப்பு

1851ஆம் ஆண்டு இலண்டன் ஹைடு பூங்காவில், இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பப்பட்ட படிக மாளிகையில் மாபெரும் கண்காட்சி நடைபெற்றது. அதனைச் சுமார் 60 இலட்சம் பேர் கண்டனர். எனினும், அவர்களுள் ஒருவர்கூட இரவில் அதைக் கண்டதில்லை. அங்கே செயற்கை விளக்குகள் இல்லை. கதிரவன் சாய்வதற்கு முன்பே வாயில்கள் மூடப்பட்டன. தீ விபத்து பற்றிய அச்சமே இதற்குக் காரணம்.

அக்காலத்தில் ஒளி என்றாலே நெருப்பு. மெழுகுவத்தி, எண்ணெய் விளக்கு, எரிவாயு விளக்கு ஆகிய எதுவாயினும் அதில் சுடர் இருந்தது. சுடரோடு புகையும் வெப்பமும் கரியும் இருந்தன. திரியைக் கத்தரிக்கவும், சிம்னியைத் துடைக்கவும், காற்றிலிருந்து காக்கவும் எப்போதும் ஒருவர் தேவைப்பட்டார். நெருப்பின்றி ஒளி உண்டாகும் என்பதை மனித இனம் மின்னலிலும் மின்மினியிலும் நிலவிலும் மட்டுமே கண்டிருந்தது. இதனை மனத்தில் கொண்டால்தான், பிற்காலக் கண்காட்சிகளுக்குச் சென்றோரின் வியப்பு நமக்கு விளங்கும்.

கண் கூசிய முதல் அறிமுகம்

பொதுமக்கள் முதலில் கண்ட மின்விளக்கு, இன்று நாம் அறிந்த குமிழ் விளக்கு அன்று, வில் விளக்கு. இரு கரித்துண்டுகளுக்கு இடையே மின்சாரம் தாவிப் பாயும்போது எழும் கடும் வெள்ளொளி அது. 1878ஆம் ஆண்டு பாரிசில் உலகக் கண்காட்சி நடைபெற்றபோது, ருஷ்யப் பொறியாளர் யாப்லோச்கோவ் உருவாக்கிய 'மின்மெழுகுவத்திகள்' ஒப்பேரா பெருஞ்சாலையில் எரிந்தன. எரிவாயு விளக்குகளின் மஞ்சள் ஒளிக்குப் பழகிய கண்களுக்கு, அந்த வீதி இரவிலும் பகல்போல் தோன்றியது.

எல்லாரும் அதை வரவேற்றனர் என்று கூற இயலாது. 'புதையல் தீவு' கதையைப் பின்னாளில் எழுதிய இராபர்ட் லூயி ஸ்டீவன்சன், எரிவாயு விளக்குகளுக்காகப் பரிந்து பேசும் ஒரு கட்டுரையை அக்காலத்தில் எழுதினார். புதிய ஒளி மனிதர்க்கு ஒவ்வாத கடுமை கொண்டது என்பதும், பழைய விளக்கின் கனிவை இழந்துவிடக்கூடாது என்பதும் அவர்தம் வாதம். அதைப் பழைமைப் பிடிப்பு என ஒதுக்கிவிட முடியாது. வில் விளக்கு ஒன்றின் ஒளி நூற்றுக்கணக்கான மெழுகுவத்திகளுக்கு ஈடானது. சதுக்கத்துக்கும் துறைமுகத்துக்கும் அது பொருந்தும். உணவு மேசைக்கும் குழந்தையின் படுக்கையறைக்கும் பொருந்தாது. அந்தப் பேரொளியைச் சிறுசிறு கூறுகளாகப் பகுத்து ஒவ்வோர் அறைக்கும் அளவாகத் தருவது எப்படி என்பதே அன்றைய பொறியாளர்களை வாட்டிய சிக்கல்.

தாமே ஏற்றித் தாமே அணைத்தவர்கள்

அச்சிக்கலுக்குக் கிடைத்த விடையை மக்கள் 1881ஆம் ஆண்டு பாரிசில் கண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நவம்பர் வரை, தொழில் மாளிகையில் பன்னாட்டு மின்சாரக் கண்காட்சி நடைபெற்றது. அமெரிக்காவின் எடிசன், மாக்சிம், இங்கிலாந்தின் சுவான், லேன்-ஃபாக்சு ஆகிய நால்வரின் இழை விளக்குகளும் அங்கே ஒரே கூரையின்கீழ் எரிந்தன. காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய கரியிழை ஒன்று மின்சாரத்தால் சூடேறி ஒளிர்வதே இழை விளக்கு.

எடிசன் பகுதியில் ஒரு விளக்கைத் தம் கையாலேயே ஏற்றி அணைத்துப் பார்ப்பதற்காக மக்கள் வரிசையில் நின்றனர் என்பர். இச்செய்தி சிந்தனைக்குரியது. அந்த விளக்கின் ஒளி பெரிதன்று. நல்லதோர் எரிவாயு விளக்கின் அளவே இருக்கும். தீக்குச்சி இல்லை, திரி இல்லை, மணம் இல்லை. விரல் திருகினால் எரிகிறது, மீண்டும் திருகினால் அணைகிறது. ஆக, வரிசையில் நின்றோரை ஈர்த்தது ஒளியின் அளவு அன்று. ஒளி தம் சொற்படி கேட்பதை அவர்கள் முதன்முறையாக உணர்ந்தனர்.

அதே கண்காட்சியையொட்டிக் கூடிய பன்னாட்டு மின்னியலாளர் மாநாட்டில்தான் வோல்ட், ஓம், ஆம்பியர் ஆகிய அலகுகள் உலகப் பொதுவாக ஏற்கப்பட்டன. இன்று நம் மின்கருவிகளின் மீது பொறிக்கப்பட்டிருக்கும் அலகுகள் அவை.

அங்கே வந்தவர்களுள் பெர்லினைச் சேர்ந்த எமில் இராத்தெனாவ் என்ற பொறியாளரும் ஒருவர். வயது 42. முன்பு நடத்திய இயந்திரத் தொழிற்சாலையை விட்டு விலகி, அடுத்து என்ன செய்வது எனத் தேடிக்கொண்டிருந்தவர். மற்றவர்கள் வியந்து நின்ற இடத்தில் அவர் கணக்கிட்டார். ஜெர்மனிக்கான எடிசன் உரிமையைப் பெற்றுக்கொண்டு வங்கியாளர்களை நாடினார். அவர்கள் உடனே பெருந்தொகையை எடுத்து நீட்டவில்லை. முதலில் சிறு ஆய்வு நிறுவனம் ஒன்று அமைந்தது. சோதனை விளக்குகள் எரிந்தன. அதன் பின்னரே 1883ஆம் ஆண்டு, 50 இலட்சம் மார்க் மூலதனத்தில் ஜெர்மன் எடிசன் நிறுவனம் தோன்றியது. 1887இல் ஏ.இ.ஜி. எனப் பெயர் மாற்றம் பெற்று, உலகின் பெரிய மின்தொழில் நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்ததும் அதுவே. படிப்படியாகச் சோதித்து, படிப்படியாகக் கடன் அளிக்கும் முறை எவ்வளவு பழைமையானது என்பதற்கு இது நல்ல சான்று.

வெண்ணகரத்தின் மாலைப்பொழுது

1889ஆம் ஆண்டு பாரிசு கண்காட்சியில் வண்ண ஒளியேற்றிய நீரூற்றுகள் இரவுதோறும் மக்களை ஈர்த்தன. தொட்டியின் அடியில் வைத்த மின்விளக்குகளின் மேல் வண்ணக் கண்ணாடிகளை மாற்ற மாற்ற, நீர்த்தாரைகள் செந்நிறமும் பசுமையும் பொன்னிறமுமாக எழுந்தன. அதே ஆண்டு திறக்கப்பட்ட ஈபெல் கோபுரத்தின் உடல் முழுவதும் எரிந்தவையோ எரிவாயு விளக்குகளே. உச்சியில் சுழன்ற கலங்கரை ஒளி மட்டும் மின்சாரத்தால் ஆனது. பழையதும் புதியதும் ஒரே திடலில் அருகருகே எரிந்த காலம் அது.

நான்கே ஆண்டுகளில் நிலைமை முற்றிலும் மாறியது. கொலம்பசின் கடற்பயணத்துடைய நானூறாம் ஆண்டு நினைவாக 1893இல் சிகாகோவில் நடந்த கண்காட்சி, தொடக்கம் முதலே மின்சாரத்தை நம்பித் திட்டமிடப்பட்டது. விளக்குப் பணிக்கான ஒப்பந்தப்புள்ளிகளுள் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தினது 5,54,000 டாலர். வெஸ்டிங்ஹவுசினது 3,99,000 டாலர். குறைந்த தொகை கேட்டவருக்கே பணி கிட்டியது. ஆனால் எடிசனின் குமிழ் காப்புரிமை போட்டியாளரின் கையில் இருந்தது. ஆகவே கண்ணாடி அடைப்பான் பொருத்திய வேறு வகைக் குமிழை வெஸ்டிங்ஹவுஸ் விரைந்து உருவாக்க வேண்டியதாயிற்று. அவை நீடித்து உழைக்கவில்லை. அடிக்கடி மாற்ற நேர்ந்தது. ஆயினும் கண்காட்சி முடியும்வரை ஒளி குன்றாமல் பார்த்துக்கொண்டனர். மாறுதிசை மின்னோட்டம் ஒரு முழு நகரையே ஒளியேற்ற வல்லது என்பது அங்கே மக்கள் கண்முன் மெய்ப்பிக்கப்பட்டது.

மே மாதம் முதல் நாள், குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்து ஒரு பொன் விசையை அழுத்தினார். எந்திரங்கள் இயங்கின, நீரூற்றுகள் எழுந்தன, கொடிகள் விரிந்தன. அதன்பின் ஆறு மாதங்களில் ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் முறை மக்கள் அவ்வாயில்களைக் கடந்தனர். பெரியவர்க்கு நுழைவுக்கட்டணம் 50 காசு, அதாவது அரை டாலர். உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று.

அத்தகைய குடும்பம் ஒன்றிலிருந்து வந்த சிறுமி ஹில்டா சாட். போலந்திலிருந்து முந்தைய ஆண்டுதான் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த யூதக் குடும்பம். தந்தை கல்லறைக் கற்களில் எழுத்துச் செதுக்குபவர். அவர் பிள்ளைகளைக் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றார். அதுவரை மண்ணெண்ணெய் விளக்கைத் தவிர வேறு ஒளியை அறியாத அச்சிறுமி, வானம் மங்கும் வேளையில் எண்ணற்ற விளக்குகள் ஒருசேர ஒளிர்வதைக் கண்டாள். விண்ணுலகமே திடீரெனத் தெரிந்தது போலிருந்தது என்னும் பொருளில், முதுமையில் எழுதிய தன்வரலாற்றில் அம்மாலையை அவர் நினைவுகூர்ந்தார். அடுத்த ஆண்டே தந்தை காலமானார். பதின்ம வயதின் தொடக்கத்திலேயே ஹில்டா பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். வறுமை சூழ்ந்த அவ்வாண்டுகளைக் கடந்தும், தந்தையோடு கண்ட அந்த ஒளி அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் நெஞ்சில் மங்காமல் இருந்தது.

எழுத்தாளர் ஹாம்லின் கார்லாந்தின் அன்னையார் பெற்ற அனுபவம் வேறு வகையானது. டகோட்டா புல்வெளியில் உழவு செய்துவந்த தம் பெற்றோருக்குக் கார்லாந்து, அடுப்பை விற்றாவது வந்து பாருங்கள் என்று எழுதி அவர்களை வரவழைத்தார். பளிங்கு போன்ற வெண்மாடங்கள், ஏரிக்கரை, இரவின் விளக்கொளி என ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாவற்றையும் காட்டினார். வாழ்நாள் முழுதும் தனிமையான புல்வெளியையும் ஓயாத வீட்டு வேலையையும் மட்டுமே கண்ட அம்மூதாட்டியின் உள்ளம், அத்தனை அழகையும் ஒருங்கே தாங்கவில்லை. கண்ணீர் மல்கியது. இதற்கு மேல் இயலாது, வீட்டுக்கு அழைத்துச் செல் என மகனிடம் கூறிவிட்டார். ஒரே ஒளி, சிறுமிக்கு விண்ணுலகம் ஆயிற்று. முதியவளுக்குத் தாங்க முடியாத சுமையாயிற்று. இத்தனை காலம் தாம் எதையெல்லாம் காணாமல் வாழ்ந்தோம் என்ற எண்ணமும் அக்கண்ணீரில் கலந்திருக்கக் கூடும்.

அதே கோடையில் சிகாகோவுக்கு வந்த இந்தியர் ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடுவீடாகத் திரட்டிய நிதியின் துணையோடு புறப்பட்ட சுவாமி விவேகானந்தர், சூலை இறுதியில் அந்நகரை அடைந்தார். சர்வசமயப் பேரவை கூடச் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டிய நிலையில், ஏறத்தாழ 12 நாள்கள் அங்கே தங்கிக் கண்காட்சியைப் பார்த்தார். அது மிகப் பெரியது, சுற்றிப் பார்க்கப் பத்து நாள்களேனும் வேண்டும் என அளசிங்கருக்கு எழுதிய மடலில் குறிப்பிட்டார். செலவு மிகுந்த அந்நகரில் கையிருப்பு கரையவே, செலவு குறைந்த பாஸ்டன் பகுதிக்குச் சென்றார். யோகோகாமாவிலிருந்து அவர் வந்த கப்பலில் உடன் பயணம் செய்தவர் ஜம்சேத்ஜி டாட்டா. மும்பைக்கு நீர்மின்சாரம் தருவது டாட்டாவின் பெருங்கனவுகளுள் ஒன்று. அவர் மறைவுக்குப்பின் 1910இல் அதற்கென ஒரு நிறுவனம் உருவாகி, 1915இல் கோப்போலி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது.

இவ்வளவு ஒளிக்கும் பின்னால் ஓர் இருளும் இருந்தது. 1893ஆம் ஆண்டு அமெரிக்காவைப் பெரும் நிதி நெருக்கடி தாக்கியது. நூற்றுக்கணக்கான வங்கிகள் கதவடைத்தன. கண்காட்சித் திடலுக்குள்ளேயே கிளை வைத்திருந்த சிகாகோ வங்கி ஒன்று, விழா தொடங்கிய அதே மே மாதத்தில் முறிந்தது. வேலையிழந்தோர் வீதிகளில் திரிந்தனர். அவ்வாண்டில்தான், அக்டோபர் 9ஆம் நாள் ஒரே நாளில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்காட்சிக்குத் திரண்டனர். துன்பக் காலத்தில் மக்கள் ஒளியை நாடுவது இயல்புதானே!

பஃபலோவில் அமைதியும் அவலமும்

1901ஆம் ஆண்டு பஃபலோ நகரில் நடந்த அனைத்து அமெரிக்கக் கண்காட்சியில், விளக்கேற்றுவதே ஒரு கலையாக உயர்ந்தது. சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நயாகரா அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. ஏறத்தாழ 390 அடி உயர மின்கோபுரமும் சூழ்ந்த மாளிகைகளும் இரண்டு இலட்சம் சிறு விளக்குகளைத் தாங்கின. அவ்விளக்குகள் சட்டென எரியவில்லை. அந்தி மயங்கும்போது தெருவிளக்குகள் அணைக்கப்படும். பின்னர், சாம்பலுக்குள் கனல் போன்ற மெல்லிய செம்மை எல்லாக் குமிழ்களிலும் தோன்றும்; அது மெதுவாகப் பொன்னிறமாகி, இறுதியில் முழு ஒளியாக மலரும். கூடியிருந்த ஆயிரக்கணக்கானோர் அவ்வேளையில் பேச்சடங்கி நின்றனர் என்று கண்டோர் பலர் எழுதியுள்ளனர். கோவிலில் தீபாராதனையின்போது கூட்டத்தில் நிலவும் அமைதியை அறிந்த நமக்கு, அக்காட்சியைக் கற்பனை செய்வது கடினமன்று.

அந்த ஒளித்திடலில்தான் செப்டம்பர் 6ஆம் நாள் குடியரசுத் தலைவர் மெக்கின்லி சுடப்பட்டார். திடலிலேயே இருந்த சிறு மருத்துவமனையில் உடனே அறுவைச் சிகிச்சை தொடங்கியது. ஆனால் அந்த அறையில் போதிய வெளிச்சம் இல்லை. சாய்ந்துகொண்டிருந்த வெயிலைக் கண்ணாடியால் திருப்பி, காயத்தின்மீது விழச் செய்ய வேண்டியிருந்தது. எட்டு நாள் கழித்துத் தலைவர் உயிர்நீத்தார். வெளியே மாடங்களின் விளிம்பெல்லாம் இரண்டு இலட்சம் விளக்குகள். உயிரைக் காக்க வேண்டிய மேசைக்கு மேலே போதிய விளக்கு இல்லை. அழகுக்கான ஒளி முந்திக்கொண்டது. தேவைக்கான ஒளி பிந்திவிட்டது.

திடலிலிருந்து வீடு வரை

இவ்விடைவெளி பஃபலோ மருத்துவமனையோடு முடியவில்லை. கண்காட்சிகளில் வியந்து நின்றோருள் பெரும்பாலோர், இரவு வீடு திரும்பியதும் மீண்டும் மண்ணெண்ணெய் விளக்கையே ஏற்றினர். நகரங்களில் சில பத்தாண்டுகளில் நிலைமை மாறியது. கார்லாந்தின் அன்னையார் வாழ்ந்தது போன்ற புல்வெளிப் பண்ணைகளிலோ காலம் அசையவே இல்லை. சிகாகோ ஒளிர்ந்து நாற்பது ஆண்டுகள் கடந்து, 1930களின் நடுப்பகுதியில்கூட, அமெரிக்கப் பண்ணை வீடுகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே மின்இணைப்புப் பெற்றிருந்தது.

தொழில்நுட்பம் இல்லாமையா காரணம்? இல்லை. மின்னாக்கியும் மின்மாற்றியும் கம்பியும் குமிழும் அனைத்தும் இருந்தன. பண்ணைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பி இழுக்கும் செலவு பெரிது, வரும் கட்டணமோ சிறிது. தனியார் நிறுவனங்களின் கணக்கேட்டில் அவ்வீடுகள் ஆதாயம் தரும் இனமாகத் தோன்றவில்லை. 1935இல் ஃபிராங்க்ளின் ரூசவெல்ட் ஊரக மின்மயமாக்கல் நிர்வாகத்தை அமைத்தார். அது உழவர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைந்த வட்டியில், நீண்ட காலத் தவணையில் கடன் வழங்கியது. சங்கத்தார் தாமே கம்பம் நட்டு, தாமே கட்டணம் வசூலித்து, கடனைத் திருப்பிச் செலுத்தினர். இருபது ஆண்டுகளுக்குள் பண்ணைகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒளி பெற்றன. நாற்பது ஆண்டுகளாக வியப்பினால் ஆகாத பணி, தவணைக் கடனால் இருபது ஆண்டுகளில் நிறைவேறியது.

நம் நாட்டிலும் கதை இதுவே. ஊரக மின்திட்டங்களுக்கு நிதி வழங்குவதற்கென ஊரக மின்மயமாக்கல் கழகம் 1969இல் தொடங்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் மணிப்பூரின் லைசாங் சிற்றூருக்கு மின்சாரம் சென்றபோது, நாட்டின் எல்லாச் சிற்றூர்களையும் மின்கம்பி எட்டியதாக அரசு அறிவித்தது. பாரிசில் மக்கள் வரிசையில் நின்று விளக்கைத் திருகிப் பார்த்ததற்கும் அந்நாளுக்கும் இடையே 137 ஆண்டுகள்.

கடன் விண்ணப்பங்களுடன் அன்றாடம் புழங்கும் எங்களுக்கு, இவ்வரலாறு ஒரு கடமையை நினைவூட்டுகிறது. புதுமை எதுவாயினும் முதலில் திடலில்தான் மின்னுகிறது. கூரைமேல் அமையும் சூரியத்தகடு, மின்கலத்தால் ஓடும் வண்டி, சொட்டுநீர்ப் பாசனக் கருவி என இன்று நாம் பொருட்காட்சிகளில் வியந்து பார்த்துவிட்டுத் திரும்பும் பொருள்கள் பல. அவற்றுள் எது நம் வீட்டுக்கும் வயலுக்கும் பயன்படும், அதன் விலை என்ன, எத்தனை தவணையில் அது தன் செலவைத் தானே ஈட்டித் தரும் என்று அமர்ந்து கணக்கிடும்போதுதான் வியப்பு வாழ்வாக மாறுகிறது. அந்தக் கணக்கில் வாடிக்கையாளரோடு உடனிருப்பதே வங்கியின் பணி.

இன்று மாலை வீட்டில் விளக்கேற்றும்போது, போலந்திலிருந்து வந்த அச்சிறுமியையும் டகோட்டாவின் அம்மூதாட்டியையும் ஒருகணம் எண்ணிப் பார்ப்போம். சிறுமிக்கு விண்ணுலகமாகத் தோன்றியது, மூதாட்டியால் தாங்க இயலாமல் போனது, இன்று நம் விரல்நுனியில் இருக்கிறது.